பூரணம் விட்டுவைத்த வட்டங்கள்

இரும்பின் நெஞ்சில் முதன்முதலாக ஈரம் சுரந்த மண் கல்லேரிப்பாக்கம். நெருப்பை முதலில் மூட்டிய இடம் எது என்று யாருக்கும் தெரியாது. சக்கரம் எங்கே முதலில் உருண்டது என்பதற்கும் சாட்சி கிடையாது. ஆனால் எந்திரம் இரக்கம் கற்றது எங்கே, எந்தத் தேதியில், எந்த சர்வே நம்பரில் என்று வருங்காலம் தேடி அலைய வேண்டியதில்லை. எட்டடி உயரக் கறுப்புக் கல்லில் மூன்று மொழிகளில் வெட்டி, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறார்கள்.

நட்ட நான்காம் நாளிலிருந்து அதன் நிழலில் ஆடு கட்டுகிறார்கள். கல்லில் கண்டிருக்கும் தேதியில் அந்த வயலில் இருந்தவர்கள் இருபத்திரண்டு பெண்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர்களைக் கேட்டால், வெயில் ஜாஸ்தி என்பார்கள். மத்தியானம் கம்பெனி கொடுத்த புளிசோறு ஊசிப்போயிருந்தது என்பார்கள். வேறொன்றும் நினைவில்லை.

இருபத்திரண்டு பேரில் ஒருத்தி அஞ்சலாட்சி. நாற்பத்து மூன்று வயது. கட்டட வேலைக்கு பெங்களூர் போன புருஷன் போனவர்தான். மகள் தமிழரசி இரண்டு சின்னப் பிள்ளைகளோடு திரும்பி வந்து வீட்டோடு இருந்தாள். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத அந்த வீட்டுக்கு வருஷா வருஷம் இரண்டு மூட்டை மல்லாட்டை வந்தது. புத்தகத்தில் நிலக்கடலை, அந்தப் பக்கத்தில் மல்லாட்டை. அந்த இரண்டு மூட்டையில்தான் வருஷத்து எண்ணெய். வேலை இல்லாத மழை மாதங்களில் பிள்ளைகளுக்கு அவித்துப் போடுவதும் அதில்தான்.

அது எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மல்லாட்டைச் செடியைப் பிடுங்கும்போது சில காய்கள் காம்பு அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அதற்குத் தப்புக்காய் என்று பெயர். அறுவடை முடிந்து, ஆடு மாடு இறங்குவதற்கு முன்னால், நிலத்துக்காரர் ‘தப்பு விட்டாச்சு’ என்று ஒரு வார்த்தை சொல்லுவார். அதற்கப்புறம் களைக்கொட்டோடு யார் வேண்டுமானாலும் இறங்கிப் பொறுக்கலாம். எடுத்தது எடுத்தவளுக்கு. பங்கு கேட்கும் நிலத்துக்காரரை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும் என்பதால் யாரும் கேட்டதில்லை.

பொறுக்குவதற்குக் கண் வேண்டும். கிழக்கிலிருந்து மேற்காகப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் அஞ்சலாட்சி நேராக மேற்குக் கோடிக்குப் போய்விடுவாள். காலையில் தெம்பாகப் பிடுங்குகிற கை சாயங்காலம் தளர்ந்துவிடும். தளர்ந்த கை பிடுங்கின இடத்தில் காய் அதிகம் கிடக்கும். இறுகின மண்ணைக் குதிகாலால் அழுத்திப் பார்ப்பாள். காய்ந்த தழை எங்கே குவிந்திருக்கிறது, எந்த வெடிப்பில் எறும்பு போகிறது என்று பார்ப்பாள். சுருக்கமாகச் சொன்னால், தப்புக்காய் என்பது அடுத்தவர்களின் களைப்பு. அதைப் பொறுக்கித்தான் அவள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி காய்ந்தது.

களைப்பே இல்லாத ஒன்று ஊருக்குள் வந்தபோது அவள் அதைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவில்லை.

நிறைவயல் வேளாண் நுண்ணறிவு நிறுவனம் நானூறு ஏக்கரை முப்பது வருஷக் குத்தகைக்கு எடுத்தது. அவர்களுடைய அறுவடை எந்திரத்துக்குப் பூரணம் என்று பெயர். பெயர் வைத்தவர் நிறுவனத்தின் இயக்குநர் முனைவர் சுதர்சனம். முழுமை என்ற பொருளில் வைத்தார். ஊர் கொழுக்கட்டையை நினைத்துக்கொண்டது. மண்ணுக்குள் அலைகளை அனுப்பி, காய் எங்கே இருக்கிறது என்று பார்த்து எடுக்கும் எந்திரம் அது. பிடுங்குகிற கூலி முதல் வருஷமே போயிற்று. ஆனாலும் பூரணத்துக்கு இன்னும் அனுபவம் பற்றவில்லை. நூறு காய்க்கு எட்டுக் காய் மண்ணிலேயே தங்கியது. எந்த எட்டு என்று அதற்குத் தெரியவில்லை. எஞ்சினியர்களுக்கும் தெரியவில்லை.

தெரிந்தவர்கள் இருபத்திரண்டு பேர்தான். கம்பெனி அவர்களுக்குக் கூலி கொடுத்து, மணிக்கட்டில் ஆளுக்கொரு கறுப்பு வளையம் மாட்டிவிட்டது. பூரணம் ஓடி முடித்த மூன்றாம் நாள் அவர்கள் வழக்கம்போல் இறங்கிப் பொறுக்க வேண்டும். கை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எங்கே தோண்டுகிறது என்பதை வளையம் எழுதிக்கொள்ளும். பொறுக்கின காயும் அவர்களுக்கே. இப்படி ஒரு வேலையா என்று ஊரே பொறாமைப்பட்டது. அஞ்சலாட்சியோடு எப்போதும் வேலைக்குப் போகும் பூங்காவனம் கையைத் தூக்கிக் காட்டி, வயிறு ஒன்றும் தெரியவில்லை, அதற்குள் வளைகாப்பு நடந்துவிட்டது என்றாள். இரண்டு பருவம் இப்படிப் போயிற்று.

மூன்றாம் வருஷம் வளையத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அறுவடை முடிந்ததும் பெண்கள் களைக்கொட்டோடு இறங்கினார்கள். மேற்குக் கோடியில் ஒன்றும் இல்லை. வெடிப்பில் ஒன்றும் இல்லை. உச்சி வெயில் வரைக்கும் தோண்டி, இருபத்திரண்டு பேரும் மடியை அவிழ்த்துப் பார்த்தபோது எல்லாம் சேர்த்து ஒரு கை காய் இருந்தது.  அஞ்சலாட்சி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் அது கற்றதையெல்லாம், சோறும் கூலியும் வாங்கிக்கொண்டு, அவளே ஒரு இரும்புக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். ஒளிவு மறைவு இல்லாமல், ஒன்று விடாமல்.

ஒன்றே ஒன்று விடுபட்டிருந்தது.

ஊரை ஒட்டிய வரப்போரங்களில், ஓடைக்கரை வேலிகாத்தான் புதருக்குப் பக்கத்தில், பூரணம் சில இடங்களைத் தொடாமலே போயிருந்தது. நாலு முழ அகலத்துக்கு வட்டமாக, பச்சைச் செடி அப்படியே நின்றது. கம்பாஸ் வைத்துப் போட்ட மாதிரி சுத்தமான வட்டம். நானூறு ஏக்கரிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் இருக்கும். பெண்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு பிடுங்கினார்கள். அஞ்சலாட்சிக்கு ஒன்றரை மூட்டை தேறியது. அந்த மல்லாட்டையைச் சாம்பல் போட்டு மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்தாள். பேரப்பிள்ளைகள் தின்றன. அவள் மட்டும் அதை வாயில் வைக்கவில்லை. ஏன் என்று தமிழரசி கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும்.

மேலே பறக்கும் கேமரா வட்டங்களை எண்ணிவிட்டது. அதற்கடுத்த நாள் காவலாள் வரப்பில் அஞ்சலாட்சியை மூட்டையோடு நிறுத்தினான். கம்பெனியின் வக்கீல் ஒரு புகார் தயாரித்தார். திருட்டு என்று மட்டும் போட்டிருந்தால் சாதாரணமாக இருந்திருக்கும். அதோடு ‘எந்திரத்தின் மென்பொருளைத் திட்டமிட்டுச் சிதைத்தல்’ என்றும் போட்டிருந்தார். செல்போனில் அலாரம் வைக்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறவள் மேல் சுமத்தப்பட்ட குற்றம் இது. ஊராட்சித் தலைவர் ஏகாம்பரம் நடுவில் புகுந்து, போலீஸுக்குப் போகுமுன் கம்பெனியே ஒரு விசாரணை வைக்கட்டும் என்று பேசி நிறுத்தினார்.

விசாரிக்க வந்தவள் ரெஹானா. ஆம்பூர்ப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். பூரணத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குழுவில் ஒருத்தி. வெள்ளை ஷூவோடு வரப்பில் நடந்து வந்து, ஒரு வட்டத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டாள். எந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை, அது கற்றுக்கொண்டபடிதான் செய்கிறது என்று அவள் சொன்னாள். வளையத்தில் பதிவான கைகளை எடுத்துப் பார்த்தாளாம். இரண்டு பருவமும், இருபத்திரண்டு கைகளும், சில இடங்களுக்கு வந்ததும் சுற்றிக்கொண்டு போயிருக்கின்றன. அதைப் பார்த்துப் பூரணமும் சுற்றிக்கொண்டு போகிறது.

“எல்லாக் கையும் வெலகிப் போயிருக்குக்கா. ஒரு கை கூட அங்க எறங்கல. ஏன்?”

அஞ்சலாட்சிக்குக் கேள்வி புரிந்த அந்த நொடியிலேயே பதிலும் புரிந்துவிட்டது. கூடவே வேறொன்றும் புரிந்தது. பதிலைச் சொன்னால் இந்தப் பெண் ஊருக்குப் போய் எந்திரத்தைத் திருத்திவிடுவாள். அடுத்த வருஷம் ஒரு கை காய்கூட இருக்காது. ஆனால் அவள் உண்மையைச் சொல்லாமல் போனதற்கு அந்தக் கணக்கு மட்டும் காரணம் இல்லை. வெள்ளை ஷூ போட்ட, படித்த பெண் ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்கும்போது அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடமே அவள் அதைக் குரலைத் தாழ்த்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொல்லுவாள்.

“பின்னால ஒருத்தி வருவால்லம்மா,” என்றாள். “அவளுக்கும் நாலு காய் கெடக்கட்டும்னு வுட்டுட்டுப் போறதுதான்.”

ரெஹானா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். பிறகு பூங்காவனத்திடம் திரும்பி அதையே கேட்டாள். பூங்காவனம் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், ஆமாம், அது தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம், அதை மீறினால் அந்த வருஷம் வயிறு நிறையாது என்று தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துவிட்டாள்.

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் மறைந்தது.

“பின்னால வர்றவளுக்கா,” என்றாள் பூங்காவனம். “ஏன்டி அஞ்சல, அங்கெல்லாம் பீ கெடந்துச்சுன்னு சொல்ல வாய் வரலியா ஒனக்கு?”

“படிச்ச பொண்ணுடி. எப்பிடிச் சொல்றது.”

விஷயம் அவ்வளவுதான். பயிர் நிற்கும்போதும் வரப்போரத்துச் செடி மறைவில் ஆட்கள் ஒதுங்குவதுண்டு. அறுவடை முடிந்து வயல் காலியானதும், அந்த மூன்று நாள் இடைவெளியில், பெரிய தெரு ஆம்பிளைகள் உட்பட ஊர் மொத்தமும் விடியற்காலையில் சொம்போடு வழக்கமான வரப்புகளுக்குத் திரும்பிவிடும். பொறுக்க இறங்குகிறவர்கள் பார்த்து விலகிப் போவார்கள். மற்றபடி, தப்புக்காய் பொறுக்கும் வயலில் யாரும் யாருக்கும் எதையும் விட்டுவைத்ததில்லை. பின்னால் வருகிறவளை முந்துவதற்காகத்தான் அஞ்சலாட்சி விடிவதற்குள் எழுந்து மேற்குக் கோடிக்கு ஓடுவாள். பூங்காவனம் ஓடி முந்திய வருஷங்களில் இருவரும் ஒரு மாதம் பேசிக்கொள்ளாமல் இருந்ததும் உண்டு. மூட்டை இரண்டு தேறுமா ஒன்றரையா என்று இருக்கிற வீட்டில் பெருந்தன்மைக்கு இடம் கிடையாது.

ரெஹானாவின் அறிக்கை நான்கு பக்கம். அதில் முனைவர் சுதர்சனத்துக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரி.

அவர் அந்த வருஷம் சிரமத்தில் இருந்தார். பூரணம் வந்த ஊர்களில் கூலி போன ஜனங்கள் மறியல் செய்துகொண்டிருந்தார்கள். பத்திரிகைகள் அவருடைய எந்திரத்தை வயிற்றில் அடிக்கும் எந்திரம் என்று எழுதின. அந்த நேரத்தில் இந்த வரி வந்தது. மேற்பார்வை இல்லாமல், கட்டளை இல்லாமல், ஓர் எந்திரம் ஏழைகளின் கைகளைப் பார்த்து, ஏழைகளுக்காக மிச்சம் வைக்கக் கற்றிருக்கிறது. அவர் இதற்குத் ‘தன்னெழுச்சிக் கருணை’ என்று பெயர் சூட்டினார். வெளிநாட்டு மாநாடு ஒன்றில் நாற்பது நிமிஷம் பேசினார். பொறுக்குதல் என்பது மனித குலத்தின் மிகப் பழைய அறம் என்றார். உடைமைக்கும் பசிக்கும் நடுவே போடப்பட்ட முதல் பாலம் என்றார். கடைசியில் குரல் தழுதழுத்தது. அவருக்குப் பொறுக்குதல் பற்றி அதற்கு முந்தின வாரம் வரைக்கும் தெரியாது.

புகார் திரும்பப் பெறப்பட்டது. அதோடு ஓர் ஒப்பந்தமும் எழுதினார்கள்: நானூறு ஏக்கரில் பூரணம் தானாக விட்டுவைக்கும் எதுவும் பொறுக்குகிற பெண்களுக்கே சொந்தம், அதில் நிறுவனத்துக்கு உரிமை இல்லை. நிலத்துக்காரர் வாய் வார்த்தையாகச் சொல்லிவந்தது முதல் தடவையாக முத்திரைத்தாளில் ஏறியது. ஒப்பந்தத்தில் அஞ்சலாட்சி கையெழுத்துப் போட்டாள். கை நடுங்கியதைக் கேமரா எடுத்துக்கொண்டது. படத்துக்குக் கீழே ‘நெகிழ்ச்சி’ என்று போட்டார்கள்.

தை மாதத்தில் ஒரு நாள் ரெஹானா தனியாக வந்தாள். ஜீப் இல்லை, பஸ்ஸில் வந்து இறங்கி, காலனிக்குள் விசாரித்துக்கொண்டு வந்தாள். அஞ்சலாட்சி பாய் போட்டாள், டீ போட்டாள். ரெஹானா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள். எந்திரத்துக்கும் அந்தக் கறுப்பு வளையத்துக்கும் மோப்பம் உண்டு என்று சொன்னாள். செடியில் பூஞ்சை நோய் வந்தால் வாசனையில் கண்டுபிடிப்பதற்காக வைத்தது. வட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்களாம். எழுதுவதற்காக ஒவ்வொரு வட்டத்திலும் எந்திரம் என்ன மோந்தது என்று எடுத்துப் பார்த்தாளாம்.

“அக்கா,” என்றாள், “பின்னால வர்றவங்களுக்குன்னு சொன்னது பொய்தானே.”

அஞ்சலாட்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மோந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க வெலகின எடத்துல எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லன்னு அது நெனச்சுக்கிச்சு. இப்பவும் அந்த வாசன வந்தா, கத்தியத் தூக்கிட்டு நகந்துபோயிடுது. இரக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“வேணும்னு சொல்லலம்மா. வெக்கமா இருந்துச்சு.”

“அதுவும் தெரியும்.”

“எழுதிடுவியா?”

 எழுதினால் ஒரு மத்தியான வேலை என்றாள் ரெஹானா. அந்த வாசனையைப் பொருட்படுத்தாதே என்று எந்திரத்துக்கு ஒரு வரி சொன்னால் போதும். எழுதாவிட்டால், பொய்யான அறிக்கையில் தன் பெயர் நிற்கும். அதைப் படித்துவிட்டு ஏற்கெனவே மூன்று பேர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளே பிள்ளைகள் தட்டில் அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தன. சின்னது ஓடி வந்து அவள் மடியில் இரண்டு காயை வைத்துவிட்டுப் போயிற்று. ரெஹானா அதைப் பார்த்தாள். அவளுக்கு அது எந்த வரப்பிலிருந்து வந்தது என்று தெரியும். சற்று நேரம் கழித்து உரித்துத் தின்றாள்.

“எழுதல,” என்றாள். “ஆனா நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

அஞ்சலாட்சி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ரெஹானா சின்னப் பெண். ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டால் போதும் என்று நினைத்தாள். நன்றியுணர்ச்சியை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

சித்திரையில் கல் திறப்பு விழா. பந்தல், நாதஸ்வரம், காலனிப் பெண்களுக்கு ஒரே கலரில் சேலை. முனைவர் சுதர்சனம் கல்லின் திரையை விலக்கினார். பிறகு பேசினார். கல்லேரிப்பாக்கம் எந்திரத்துக்குக் கருணையைக் கொடுத்தது, எந்திரத்தை ஆக்கியவர்கள் கல்லேரிப்பாக்கத்துக்கு என்ன கொடுக்கப் போகிறோம் என்று கேட்டு நிறுத்தினார். ரோடு என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் கேட்காத மாதிரி தொடர்ந்தார். ஊரில் நூற்று நாற்பத்திரண்டு வீடு. ஒரு வீடு விடாமல், டைல்ஸ் பதித்து, தண்ணீர் இணைப்போடு, நூற்று நாற்பத்திரண்டு கழிப்பறைகள்.

பந்தல் கை தட்டியது. முன்வரிசையில் ஒரே கலர்ச் சேலையில் உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு பேர் தட்டவில்லை. மேடையில் மூன்றாவது நாற்காலியில் இருந்த ரெஹானா எழுந்துவிட்டாள். எழுந்தவள் மைக்கில் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். கழிப்பறை வேண்டாம் என்று எந்த மேடையில், எந்த வாயால் சொல்வது. தமிழரசிக்கு மட்டும் முகம் மலர்ந்திருந்தது. இருட்டோடு எழுந்து ஓட வேண்டியதில்லை, மழையில் சேற்றில் குந்த வேண்டியதில்லை. அஞ்சலாட்சி மகளின் முகத்தைப் பார்த்தாள், தானும் மெதுவாகக் கை தட்டினாள்.

தலைவர் ஏகாம்பரம் அழுதேவிட்டார். மூன்று தடவை அரசாங்கத்துக்கு மனுப் போட்டு அவர் தோற்றுப்போயிருந்தார். கழிப்பறைகள் கட்டி முடிந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. விடியற்காலையில் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வரப்பு வரப்பாகச் சுற்றினார். புதருக்குப் பின்னால் தலை தெரிந்தால் ஊதினார். ஆவணி முடிவதற்குள் ஊர் சுத்தமாகிவிட்டது. மாவட்டத்தில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

ஐப்பசி அறுவடைக்கு ஒன்பது நாடுகளிலிருந்து பிரதிநிதிகள் வருவதாக இருந்தது. எந்திரம் கருணை காட்டுவதை நேரில் பார்க்க வேண்டுமாம். இருபது நாளைக்கு முன்னால், ஒத்திகையாக, முதலில் விதைத்த பத்து ஏக்கரில் பூரணத்தை விட்டார்கள். பத்து ஏக்கரும் மொட்டை. ஒரு வட்டம் இல்லை. ஒரு செடி இல்லை. அன்றைக்கும் பெண்கள் களைக்கொட்டோடு போய்ப் பார்த்தார்கள். அஞ்சலாட்சிக்கு ஏழு காய் கிடைத்தது.

முனைவர் சுதர்சனம் பதறிவிட்டார். எந்திரம் நம் நன்றியால் கர்வப்பட்டுவிட்டதா என்று ஒரு கூட்டத்தில் கேட்டாராம். கடைசியில் ஊராட்சிக்குக் கடிதம் போட்டார்: பிரதிநிதிகள் வரும் நாளில் வட்டங்கள் தென்படாவிட்டால், ஊருக்கென்று ஒதுக்கியிருக்கும் ரோடு, குடிநீர்த்தொட்டி, பெண்களோடு போட்ட ஒப்பந்தம் எல்லாவற்றையும் மறுபரிசீலனை செய்ய நேரும். பழைய முறைப்படி பெண்கள் ஏதாவது சடங்கு செய்வதுண்டா என்று விசாரித்துச் சொல்லவும்.

ஏகாம்பரம் கடிதத்தோடு காலனிக்கு வந்தார். அஞ்சலாட்சி வீட்டு வாசலில் நின்று, என்ன சடங்கு செய்வீர்கள், என்ன சாமான் வேண்டும், பூஜைக்கு ஆகிற செலவை ஊராட்சி ஏற்கும் என்றார். அஞ்சலாட்சி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். போன தடவை வெட்கப்பட்டதில் வந்த வினையெல்லாம் அவள் மனசில் வரிசையாக ஓடியது. இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. இருக்கிறதை இருக்கிறபடி, அந்த வார்த்தையைப் போட்டே சொல்லிவிட்டாள்.

ஏகாம்பரம் வெகு நேரம் கடிதத்தையே மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“மாட்டுச் சாணி போட்டா ஆவாதா?”

“ஆவாதாம். அந்தப் பொண்ணுகிட்ட போன்லயே கேட்டுட்டேன். மோந்து கண்டுபுடிச்சிடுமாம்.”

“எத்தினி நாளைக்கு முன்னாடி இருக்கணுமாம்?”

“பத்து நாளு.”

“ஊர்ல ஒருத்தன் ஒதுங்கக் கூடாதுன்னு விசில் ஊதி நிறுத்தினவன் நானு,” என்றார் அவர். “இப்பப் போயி, எல்லாரும் வாங்கன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிணு சொல்லுவேன்.”

“சொல்ல வேணாம் தலைவரே,” என்றாள் அஞ்சலாட்சி. “நீங்க மொதல்ல போங்க. ஊரு தானா வரும்.”

உள்ளே அடுப்படியில் தமிழரசி பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். மூன்று மாசமாகத்தான் அவள் இருட்டுக்குப் பயப்படாமல் இருந்தாள். அந்தச் சத்தம் அஞ்சலாட்சிக்குக் கேட்டது. இரண்டு மூட்டையை ஒரு பக்கமும் மகளை ஒரு பக்கமும் வைத்துப் பார்க்கிற நிலைமை வந்துவிட்டது. வயசுப் பெண்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வர வேண்டியதில்லை, வீட்டிலேயே போகட்டும், ஆம்பிளைகளும் நாங்களும் பார்த்துக்கொள்கிறோம் என்று அவள் தலைவரிடம் கறாராகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். வார்டு வாரியாக எந்த வரப்பு யாருக்கு என்று இருவரும் உட்கார்ந்து பிரித்தார்கள்.

பிரதிநிதிகள் வந்த அன்று நானூறு ஏக்கரில் ஆயிரத்து இருநூறு வட்டங்கள் இருந்தன. அஞ்சலாட்சிக்கு இரண்டு மூட்டை கிடைத்தது. ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது. பழையபடி சாம்பல் போட்டு மூன்று தண்ணீரில் அலசினாள். ரெஹானா வேலையை விட்டுவிட்டு ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பதாகச் சொன்னார்கள்.

வடகிழக்கு வரப்பில் இருந்த வட்டம் எல்லாவற்றையும்விடப் பெரிதாக, செடி நெருக்கமாக, கண்ணுக்கு அழகாக இருந்தது. முனைவர் சுதர்சனம் பிரதிநிதிகளை அங்கேதான் அழைத்துப்போனார். ஒன்பது நாட்டுக்காரர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு, அதைச் சுற்றி ஒரு நிமிஷம் மௌனமாகத் தலை குனிந்து நின்றார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அது தலைவர் ஏகாம்பரம் போனது.